நூலளவு சதை

அந்தப் பெரிய ஆஸ்பத்திரியின் சதைப் பரிசோதனைக் கூடத்தில் அவளை எல்லோரும் ஸ்லைடு அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பத்தொன்பது வருட வேலை. நோயாளியின் உடம்பிலிருந்து எடுத்த துண்டை மெழுகுக் கட்டியில் பதித்து, வெட்டும் இயந்திரத்தில் பொருத்தி, தலைமுடியின் கனத்தில் இருபதில் ஒரு பங்குக்குச் சீவ வேண்டும். சீவியதை வெந்நீரில் மிதக்கவிட்டுக் கண்ணாடியில் ஏந்தி எடுக்க வேண்டும். அதற்குச் சாயமேற்றினால்தான் டாக்டர் மைக்ராஸ்கோப்பில் பார்த்து நல்ல கட்டியா கெட்ட கட்டியா என்று எழுத முடியும். அவள் சீவிய ஸ்லைடில் ஒரு மடிப்பு இருக்காது, ஒரு கிழிசல் இருக்காது. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அவளுடைய தம்பி துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவன். அம்மா அப்பா போன பிறகு அவளுக்குப் பிறந்த வீடு என்று மிஞ்சியது அவன் ஒருவன்தான். அவன் கழுத்தின் இடது பக்கம், தாடைக்குக் கீழே, ஒரு பட்டாணி அளவில் கட்டி வந்தது. தொட்டால் வலித்தது. கிரேன் கூண்டில் ஏ.சி. காற்று பட்டால் கரண்ட் அடித்ததுபோல் தோள் வரை இழுத்தது. அவன் கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு வேலை பார்த்தான். அக்காவிடம் மூச்சு விடவில்லை. வீட்டுக்குப் பக்கத்து கிளினிக் டாக்டர் நெறி கட்டியிருக்கிறது, காசநோய்க் கட்டிதான் என்று சொல்லி ஆறு மாதம் மாத்திரை கொடுத்தார். மூத்திரம் செங்கல் நிறத்தில் போனது, வாய் கசந்தது, நாலு கிலோ இளைத்தான். கட்டி மட்டும் பட்டாணியிலிருந்து நெல்லிக்காய் ஆனது. அப்புறம்தான் அக்காவைத் தேடி வந்தான்.

"ஆறு மாசம் என்கிட்ட சொல்லலையேடா" என்றாள் அவள்.

"உன்கிட்ட சொன்னா உடனே கத்தியைத் தூக்கிட்டு வந்துடுவே. சின்ன வயசுல நான்தான் உனக்குக் கழுத்தறுப்பு. இப்ப நீ எனக்கு ஆயிடக் கூடாதுல்ல."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. மறுநாளே அவனைத் தன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். ஸ்கேன் பார்த்தவர் நரம்பிலிருந்து வந்த கட்டியாக இருக்கலாம் என்று எழுதினார். ஊசி போட்டு உறிஞ்சிப் பார்த்ததில் இரு முனையும் நீண்ட செல்கள் கொத்துக் கொத்தாகத் தெரிகின்றன, கெட்ட வகை இல்லை என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்று வந்தது. அந்த ஒரு வரியை அவள் திரும்பத் திரும்பப் படித்தாள். அந்த மாதிரி வரி வந்த எத்தனையோ கட்டிகளை அவள் சீவியிருக்கிறாள். அவற்றில் பாதிக்குப் பிறகு என்ன ஆனது என்பதும் அவளுக்குத் தெரியும்.

சர்ஜன் சுற்றி வளைக்காமல் பேசுகிறவர்.

"இது சதையில வர்ற புற்றா இருந்தா கட்டியை மட்டும் எடுத்தா போதாது. சுத்தி இருக்கிற தசை, தோளைத் தூக்குற நரம்பு எல்லாத்தையும் சேர்த்துதான் எடுக்கணும். கை தோளுக்கு மேல போகாது. ஆனா உயிர் இருக்கும். வியாழக்கிழமைக்கு தேதி போட்டிருக்கேன். அதுக்குள்ள ஒரு சின்ன துண்டு எடுத்து அனுப்புறேன். என்னன்னு தெரிஞ்சா சரி. தெரியலைன்னா பெருசாதான் வெட்டணும்."

"கை தூக்க முடியலைன்னா கிரேன் ஏணியில ஏற முடியாதே சார்" என்றான் தம்பி.

"ஆள் இருந்தாத்தானேப்பா ஏணி" என்றார் சர்ஜன். அதில் இரக்கமில்லாமல் இல்லை. ஆனால் கேட்டவன் முகம் செத்துப்போனது.

வெள்ளிக்கிழமை தடித்த ஊசியால் துண்டு எடுத்தார்கள். ஒரு சென்டிமீட்டர் நீளம், நூல் மாதிரி கனம். அவ்வளவுதான். அது திங்கட்கிழமை காலை மெழுகுக் கட்டியாகி அவள் மேசைக்கு வந்தது.

அந்தக் கூடத்தில் ஒரு விதி உண்டு. சொந்தக்காரர்களின் சதையை யாரும் தொடக்கூடாது. சீட்டில் இருந்த பெயருக்கும் அவளுக்கும் சம்பந்தம் இருப்பது அங்கே யாருக்கும் தெரியாது. அவள் சொல்லவில்லை. சொன்னால் அந்தக் கட்டி அடுத்த மேசைக்குப் போய்விடும். அடுத்த மேசையில் இருந்தவர் மீசை. கனத்த மீசை வைத்திருந்ததால் அந்தப் பெயர். இரண்டு வருடத்துக்கு முன் டியூட்டி விஷயத்தில் அவர்மேல் ஒரு புகார் போனது. அதில் முதல் கையெழுத்து அவளுடையது. அதனால் ஒரு வருடம் அவரை மாலை ஷிஃப்டில் தூக்கிப் போட்டார்கள். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு வார்த்தை கிடையாது. அவர் கையில் தம்பியின் கழுத்தைக் கொடுப்பதா என்று அவளுக்குத் தோன்றியது. தன் கையைவிட நல்ல கை இங்கே எது என்றும் தோன்றியது.

கட்டியை ஐஸில் வைத்து எடுத்தாள். இயந்திரத்தில் பொருத்தினாள். முதலில் மேல் மெழுகைக் கொஞ்சம் கனமாகச் சீவித் தள்ள வேண்டும். சதை தெரிய ஆரம்பித்ததும் அளவைக் குறைத்துவிட வேண்டும். ஆயிரக்கணக்கான தடவை செய்த வேலை. அவள் சக்கரத்தைச் சுற்றினாள். அப்போது சட்டைப் பையில் இருந்த போன் அதிர்ந்தது. தம்பிதான். அவன் காலையிலிருந்து நாலாவது தடவையாகக் கூப்பிடுகிறான். இப்போது வெட்டிக்கொண்டிருப்பது அவனைத்தான் என்ற நினைப்பு அந்த அதிர்வோடு சேர்ந்து மேலே ஏறியது. கை மட்டும் நிற்காமல் சுற்றிக்கொண்டே இருந்தது. எத்தனை சுற்று என்று அவளுக்குத் தெரியவில்லை. ஏழோ எட்டோ.

குனிந்து பார்த்தபோது வெள்ளை மெழுகின் நடுவில் இருந்த அந்த நூல் பாதியாகத் தேய்ந்திருந்தது.

கீழே தட்டில் மெழுகுச் சீவல்கள் சுருள் சுருளாகக் கிடந்தன. அவற்றில் இருந்தது அவள் தம்பியின் சதை. அவள் இடுக்கியால் ஒரு சுருளை எடுத்து வெந்நீரில் போட்டாள். அது விரியாமல் நொறுங்கியது. இன்னொன்றை எடுத்தாள். அதுவும் நொறுங்கியது. கனமாகச் சீவியது ஸ்லைடுக்கு உதவாது என்று புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கு அவளே சொல்லிக்கொடுத்திருக்கிறாள். ஆனாலும் ஒவ்வொன்றாக எடுத்து எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். ஐந்தாவது நொறுங்கியபோது இடுக்கியைக் கீழே வைத்தாள். ஓடிப்போய்விடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. எங்கே ஓடுவது.

மீதியில் மிக மெல்லியதாக ஒரே ஒரு சீவல் எடுத்துச் சாதாரணச் சாயம் போட்டு, அதையும் மெழுகுக் கட்டியையும் எடுத்துக்கொண்டு பெரிய டாக்டரின் அறைக்குப் போனாள். பெரிய டாக்டர் இருபத்தாறு வருடமாக மைக்ராஸ்கோப்பில் குனிந்து குனிந்து முதுகு வளைந்துபோன அம்மாள். அதிர்ந்து பேச மாட்டார். அவர் பேச்சில்லாமல் பார்ப்பதற்கே கூடம் நடுங்கும்.

அவர் ஸ்லைடைப் பார்த்தார். "நீள நீளமா செல்லு. கத்தை கத்தையா குறுக்கும் நெடுக்குமா ஓடுது. இது நரம்போட குடும்பமா, தசையோட குடும்பமா, வேற எதாவதான்னு தனிச் சாயம் போட்டாத்தான் தெரியும். அஞ்சு சாயம் வேணும். எட்டு ஸ்லைடாவது எடுத்துக் கொடுங்க."

"மேடம்" என்றாள். மெழுகுக் கட்டியை மேசையில் வைத்தாள்.

டாக்டர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "இவ்வளவு ஆழமா யார் வெட்டினது?"

"நான்தான்."

"நீங்களா?"

"அது என் தம்பியோடது மேடம்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்தது போதும் என்ற பிறகும் துடைத்தார்.

"என்கிட்ட முதல்லயே சொல்லியிருக்கணும்."

"தெரியும் மேடம்."

"தெரிஞ்சும் செஞ்சீங்க. அதைப் பத்தி அப்புறம் பேசிக்கலாம். இப்ப வெளியில போய் உக்காருங்க. இந்தக் கட்டியை நீங்க இனிமே தொடாதீங்க." பிறகு கதவைத் திறந்து மீசையைக் கூப்பிட்டார்.

அவள் கண்ணாடித் தடுப்புக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தாள். உள்ளே டாக்டர் மீசையிடம் ஏதோ சொல்வது தெரிந்தது. சத்தம் கேட்கவில்லை. மீசை ஒரு தடவை திரும்பி அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் என்ன இருந்தது என்று அவளால் படிக்க முடியவில்லை. அவர் இடத்தில் தான் இருந்தால் என்ன செய்திருப்போம் என்று யோசித்தாள். பதில் நன்றாக இல்லை.

மீசை அவசரப்படவில்லை. இயந்திரத்தில் புதுக் கத்தியை மாட்டினார். மெழுகுக் கட்டியை ஐஸில் கவிழ்த்து வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு அதன் பக்கத்திலேயே நின்றார். பத்து நிமிடம் இருக்கும். அதற்குள் அவள் தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டு முடித்துவிட்டாள். பிறகு அவர் கட்டியைப் பொருத்தி, கத்தியின் நுனிக்கும் மெழுகுக்கும் நடுவில் இருந்த இடைவெளியைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்துப் பார்த்துச் சரி செய்தார். சக்கரத்தைப் பிடித்த கை அரைச் சுற்று சுற்றியது. நின்றது. மறுபடி அரைச் சுற்று.

நாலு சீவல் சேர்ந்து நாடாவாக வந்தது. ஐந்தாவதில் அறுந்தது. அவள் எழுந்து நின்றுவிட்டாள். மீசை மூச்சை அடக்கிக்கொண்டு, தூரிகையின் ஒரு மயிரால் அந்தத் துண்டை ஏந்தி நீரில் விட்டார். அதற்குப் பிறகு நாடாவை நம்பாமல் ஒவ்வொன்றாக எடுத்தார். எட்டு ஸ்லைடு. எட்டாவதில் சதை ஒரு கோடு மாதிரிதான் இருந்தது. மெழுகுக் கட்டியில் மிச்சம் ஒன்றும் இல்லை.

அவர் வெளியே வந்தபோது அவள் வழியில் நின்றாள்.

"சார், உங்களுக்கு நான் எப்படி..."

"உங்களுக்காக வெட்டலை" என்றார் அவர். இரண்டு வருடத்துக்குப் பிறகு அவளிடம் பேசிய முதல் வார்த்தை அது. "கட்டி யாரோடதா இருந்தாலும் இப்படித்தான் வெட்டியிருப்பேன்." கொஞ்ச தூரம் போய்விட்டுத் திரும்பினார். "சாப்பிட்டீங்களா?" அவள் இல்லை என்று தலையாட்டினாள். அவர் போய்விட்டார்.

சாயம் தயாராக இரண்டு நாள் ஆகும். அன்று மாலை அவள் தம்பி வீட்டுக்குப் போனாள். கதவைத் திறந்தவன் மூன்று நாள் தாடியோடு இருந்தான். வீட்டுக்குள் சத்தமே இல்லை. குழந்தையின் சைக்கிள் சுவரோரம் சாய்ந்திருந்தது. கொடியில் அவன் துணி மட்டும் காய்ந்தது.

"எங்கடா அவ? பாப்பா எங்க?"

"அவங்க அம்மா வீட்டுக்குப் போயிருக்காங்க."

"இந்த நேரத்துலயா?"

"நான்தான் அனுப்பிச்சேன். போய் பத்து நாளாச்சு."

அவன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். மனைவியிடம் கட்டி என்னவென்று சொல்லவில்லை. நெறி கட்டியது சரியாகிவிட்டது என்று சொல்லிவிட்டு, ஒன்றுமில்லாததற்கு ஒரு சண்டையைக் கிளப்பியிருக்கிறான். சாப்பாட்டில் குறை, பேச்சில் குறை, அவள் வீட்டு ஆட்கள்மேல் குறை. கடைசியில் உன்னோடு வாழ்வதில் எனக்கு இஷ்டமில்லை என்றும் சொல்லியிருக்கிறான். அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

"ஏண்டா இப்படி செஞ்சே?"

"அப்பா எப்படிப் போனார்னு உனக்கு ஞாபகம் இருக்குல்ல. படுக்கையில கிடந்து கிடந்து. அம்மா எப்படி ஆனாங்க. அதை இவளும் பார்க்கணுமா? என்மேல கோபமா இருந்தா அழுகை கொஞ்சம் கம்மியா இருக்கும்னு நினைச்சேன்."

"நீ செத்தே போயிட்டேன்னு முடிவு பண்ணிட்டியா?"

"நீ முடிவு பண்ணலையா?" என்று கேட்டான். "உன் மூஞ்சியைப் பார்த்தா தெரியுதே. சும்மா சொல்லுக்கா, ரிசல்ட் வந்துடுச்சா?"

அவள் அவன் எதிரில் தரையில் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னாள். போன் அதிர்ந்தது முதல் மெழுகுச் சுருள் நொறுங்கியது வரை ஒன்று விடாமல் சொன்னாள். "பாதிக்கு மேல நானே வீணாக்கிட்டேன். அதுலதான் விஷயம் இருந்துச்சோ என்னவோ. உன் கை போச்சுன்னா அது என்னாலதான்."

கழுத்தில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டான்.

"நான்தானே போன் பண்ணேன்" என்றான் கடைசியில். "விடு. ரெண்டு பேருமா சேர்ந்து கெடுத்தோம்."

அவள் அவனுக்குச் சோறு வடித்து வைத்தாள். இருவரும் தட்டில் போட்டு வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.

புதன்கிழமை மதியம் பெரிய டாக்டர் அவளைக் கூப்பிட்டார். அங்கே இரண்டு பேர் எதிரெதிரே பார்க்கக்கூடிய மைக்ராஸ்கோப் ஒன்று இருந்தது. "உக்காருங்க. பாருங்க" என்றார். சாயம் பிடித்திருந்தால் பழுப்பாகத் தெரியும் என்பது அவளுக்குத் தெரியும். முதல் ஸ்லைடு முழுக்கப் பழுப்பு. இரண்டாவதும் பழுப்பு. மூன்றாவது வெறும் நீலம்.

"முதல் ரெண்டும் தசைச் சாயம். மூணாவது நரம்புச் சாயம், அது பிடிக்கவே இல்லை. ஸ்கேன்ல சொன்ன மாதிரி நரம்புக் கட்டி இல்லை இது. தசைக் கட்டி. நாம கை கால் அசைக்கிற தசை இல்லை. குடல்லயும் ரத்தக்குழாய் சுவர்லயும் தானா சுருங்குற மென்தசை இருக்கு பாருங்க, அது. கர்ப்பப்பையில தினம் பார்க்கிறோம். கழுத்துல வர்றது ரொம்ப அபூர்வம்."

"நல்லதா மேடம்? கெட்டதா?"

"குடும்பம் தெரிஞ்சுடுச்சு. குணம் இன்னும் முழுசா தெரியலை. மென்தசையில நல்லதும் வரும், கெட்டதும் வரும். செல்லு எவ்வளவு வேகமா பெருகுதுன்னு பார்க்கணும். நாலாவது ஸ்லைடு அதுக்குத்தான். நூத்துக்கு ஒண்ணு கூட இல்லை. பெருகிட்டிருக்கிற செல்லு ஒண்ணைக்கூட நான் பார்க்கலை. அழுகின இடம் இல்லை, செல்லு கோணல் மாணலா இல்லை." டாக்டர் கண்ணை எடுக்காமல் பேசிக்கொண்டே போனார். "ஆனா நூலளவு சதையை வெச்சு முழுக் கட்டிக்கும் நான் கையெழுத்துப் போட முடியாது. நான் பார்க்காத மூலையில என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது."

அந்த மூலை தட்டில் நொறுங்கிய மெழுகாகக் கிடந்தது அவள் கண்ணில் நின்றது.

டாக்டர் அவள் முன்னாலேயே சர்ஜனுக்குப் போன் செய்தார். நரம்பைத் தொட வேண்டாம், கட்டியை உறையோடு முழுதாக எடுத்து அனுப்புங்கள், எல்லாப் பக்கமும் வெட்டிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார். எதிர்முனை ஒத்துக்கொள்ளச் சற்று நேரம் எடுத்தது. முழுக் கட்டியில் கெட்டது தெரிந்தால் பத்து நாளில் மறுபடி வெட்ட வேண்டும், அதற்கு நோயாளி இப்போதே சம்மதிக்க வேண்டும் என்றார் சர்ஜன்.

தம்பி யோசிக்கவே இல்லை. "ரெண்டு தடவை வெட்டினாலும் பரவால்ல சார். முதல் தடவை கையை விட்டுடுங்க" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டான்.

வியாழக்கிழமை ஆபரேஷன் இரண்டரை மணி நேரம் நடந்தது. கட்டி வழுக்கிக்கொண்டு உறையோடு வந்தது, உள்பக்கம் ஒரு சின்ன ரத்தக்குழாயை ஒட்டியிருந்தது, நரம்பு பத்திரமாக இருக்கிறது என்று சர்ஜன் வெளியே வந்து சொன்னார். தம்பிக்கு மயக்கம் தெளிந்ததும் முதல் வேலையாகக் கையைத் தூக்கச் சொன்னாள். அவன் தூக்கினான். தோளுக்கு மேலே போனது. இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சந்தோஷப்பட இருவருக்கும் பயமாக இருந்தது.

அதற்குப் பிறகு ஐந்து நாள். அவள் லீவு போட்டிருந்தாள். வேலையில் இருந்திருந்தாலாவது கைக்கு ஏதாவது இருந்திருக்கும். இந்நேரம் கட்டியைக் குறுக்கே வெட்டியிருப்பார்கள், இந்நேரம் மெழுகில் பதித்திருப்பார்கள், இந்நேரம் மீசை ஐஸில் வைத்திருப்பார் என்று ஒவ்வொரு மணிக்கும் அவளுக்குத் தெரிந்திருந்தது. தெரியாத மனிதர்கள் கொடுத்துவைத்தவர்கள் என்று நினைத்தாள். வார்டில் பக்கத்துப் படுக்கைக்காரர்கள் ரிசல்ட் வரும், வரும் என்று ஆறுதல் சொன்னார்கள். தம்பி அவளிடம் ஒரு காகிதத்தில் மகளின் பள்ளிக்கூடம், இன்சூரன்ஸ், யாரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதையெல்லாம் எழுதிக் கொடுத்தான். அவள் வாங்கி மடித்து வைத்துக்கொண்டாள். வேண்டாம் என்று சொல்லக்கூட அவளுக்குத் தெம்பு இல்லை.

செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு பெரிய டாக்டரே வார்டுக்கு வந்தார். அவர் வார்டுக்கு வந்து யாரும் பார்த்ததில்லை. படிக்கட்டு ஏறியதில் மூச்சு வாங்கிக்கொண்டு கட்டில் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார்.

"பதினெட்டு துண்டு போட்டுப் பார்த்துட்டேன்" என்றார். "எல்லாம் ஒரே மாதிரி. ரத்தக்குழாய் சுவர்லேர்ந்து வந்த நல்ல கட்டி. முழுசா வந்துடுச்சு. இதோட சரி. எனக்கு இத்தனை வருஷத்துல கழுத்துல இது மூணாவது."

தம்பிக்குச் சட்டென்று புரியவில்லை. "மறுபடி வெட்ட வேண்டாமா?" என்று கேட்டான்.

"வேண்டாம்."

"தலைக்கு வந்தது கழுத்தோட போச்சு" என்றான். சொல்லிவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். அவன் தோள் குலுங்கியது. தையல் விட்டுவிடும்டா என்று சொல்லிக்கொண்டே அவளும் அழுதாள்.

டாக்டர் போகும்போது அவளை வெளியே கூப்பிட்டார். விதியை மீறியதற்குக் கடிதம் வரும், மூன்று மாதம் வெட்டும் மேசையில் உட்காரக் கூடாது, சீட்டுப் பதிகிற இடத்தில் இருக்க வேண்டும் என்றார். அவள் சரி மேடம் என்றாள். அது தண்டனையாகவே தோன்றவில்லை. சக்கரத்தைத் தொடுவதை நினைத்தாலே அவளுக்கு விரல் மரத்துப்போனது.

கடிதத்தில் வராத இன்னொரு காரியமும் மிச்சமிருந்தது. தையல் பிரித்த மறுநாள் அக்காவும் தம்பியும் அவன் மாமியார் வீட்டுக்குப் போனார்கள். மூன்றாவது மாடி. தம்பி மனைவிதான் கதவைத் திறந்தாள். அவன் கழுத்தில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியைப் பார்த்தாள். அதற்குக் கீழே நீண்டிருந்த சிவந்த கோட்டைப் பார்த்தாள். அக்கா எல்லாவற்றையும் சொன்னாள். அவள் கதவு நிலையைப் பிடித்தபடி கடைசி வரை கேட்டாள்.

"உயிரோட இருக்கீங்க. அது போதும், அதுல எனக்கு சந்தோஷம்தான்" என்றாள் கணவனிடம். "ஆனா இத்தனை நாளா நான் என்ன தப்பு பண்ணேன்னு உக்காந்து யோசிச்சு யோசிச்சு எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறை. சாகுறப்பகூட நான் பக்கத்துல இருக்க லாயக்கில்லைன்னுதானே நினைச்சீங்க."

"உன்னைக் காப்பாத்தணும்னு..."

"நான் கேட்டேனா?"

உள்ளேயிருந்து குழந்தை ஓடி வந்து அவன் காலைக் கட்டிக்கொண்டது. அவன் குனிந்து இரண்டு கையாலும் அதைத் தூக்கினான். இடது தோள் வலித்தது அவன் முகத்தில் தெரிந்தது. இறக்கவில்லை.

"உள்ள வாங்க அண்ணி" என்றாள் தம்பி மனைவி அக்காவைப் பார்த்து. அவனை வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. அவன் குழந்தையோடு வாசலிலேயே நின்றான்.

அன்று அவள் அவனோடு வரவில்லை. பள்ளிக்கூடம் திறக்கும் வாரத்தில்தான் வந்தாள். வந்த பிறகும் முதல் மாதம் இருவருக்கும் நடுவில் அளந்து அளந்து பேச்சு. அவன் காதுக்குக் கீழே கொஞ்ச இடம் தொட்டால் தெரியாமல் மரத்தே இருக்கிறது. அது அப்படியேதான் இருக்கும் என்று சர்ஜன் சொல்லிவிட்டார். தம்பி கிரேனுக்குத் திரும்பிவிட்டான். இப்போது ஏ.சி. காற்று பட்டால் வலிப்பதில்லை.